தடிப்பு

எங்கள் ஊரில் தடிப்பு என்றால் திமிர். வேறு பொருளில் அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது கிளினிக்கில்தான். என் கணவருக்கு எக்கோ எடுத்துப் பார்த்த டொக்டர், "இருதயச் சுவர் தடிச்சிருக்கு. பிரஷர் கனகாலமா அடங்காம இருந்திருக்கு. குளிசைய ஒரு நாளும் விடக்கூடாது" என்றார்.

வெளியே வந்ததும் அவர் சிரித்தார். "கேட்டியா புள்ள, எனக்குத் தடிப்பாம். நீ சொல்றதத்தான் டொக்டரும் சொல்றாரு."

நானும் சிரித்தேன். தடிப்புப் பிடித்த மனிதர்தானே.

பயத்தில் பக்கத்து வீட்டுச் சாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். அது மருதமுனைக்கு, என் கணவரின் ராத்தா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எக்கோ வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. தடிப்பு மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அந்த ராத்தா, என் மதினி, ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார்.

"என்ட தம்பிட கல்புல தடிப்பு எண்டு ஊரெல்லாம் கதைச்சித் திரியிறியாம். அவன் உன்ட சீதன வீட்டுல வந்து இருக்கிறான் எண்டதுக்காக என்னவும் சொல்லுவியா?"

"டொக்டர் சொன்னது மதினி. கல்பு எண்டா மனசில்ல, இருதயம்; அதுட சுவர்தான் தடிச்சிருக்காம்."

"கல்புக்குள்ள இருக்கிறது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். டொக்டருக்கென்ன தெரியும்?"

எல்லாம் தெரிந்த மனிதர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ராத்தாவுக்கு முன்னால் ஆம்பிளையாக நிற்க வேண்டுமே. "இனி இந்த வீட்டுல தடிப்பு கிடிப்பு எண்டு ஒரு கதையும் வரப்படாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கிளினிக்கும் அன்றோடு நின்றது. குளிசையை நினைவூட்டினால், "திரும்பவும் துவங்கிட்டியா?" என்பார். தேத்தண்ணியோடு வைத்துக் கொடுத்தால், பிறகு அது பூச்சாடிக்குள் கிடக்கும். எத்தனை தரம் பொறுக்கி எடுத்திருப்பேன்! எனக்கு அந்தப் பூச்சாடியைத் தூக்கி உடைக்க வேண்டும் போலிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு உடுத்துக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சரிந்தார். "முதுகு கிழியுது புள்ள" என்று கத்தினார். ஃபோனில் மதினி, "வாய்வுதான், ஓமத்தண்ணி குடு" என்றார். நான் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்துவிட்டது என்றார்கள். படத்தைப் பார்த்த டொக்டர் கேட்டார்: "இருதயம் இவ்வளவு தடிச்சிருக்கு. முந்தி ஒருத்தரும் சொல்லல்லியா?"

"சொன்னவங்க" என்றேன். ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்கு அனுப்ப அம்புலன்ஸ் ஆயத்தமாகும் முன்பே அவர் மௌத்தாகிவிட்டார்.

மையித்து வீட்டில் மதினி என் பக்கத்தில் இருந்து அழுதார். "என்ட தம்பிட கல்புல ஒரு பொட்டுத் தடிப்பு இருந்திச்சா?" என்று வந்தவர்களையெல்லாம் கேட்டார். பெண்கள் எல்லோரும், "இல்ல, இல்ல" என்று தலையாட்டினார்கள்.

"இருந்திச்சி மதினி" என்றேன்.

அழுகை சட்டென்று நின்றது. மையித்தை வைத்துக்கொண்டும் புருசனைக் குறை சொன்னவள் என்றுதான் இன்றைக்கும் ஊரில் எனக்குப் பெயர்.