அத்தானின் கடைசிக் காட்சி

அத்தானின் புகைப்படத்துக்கு பிளாஸ்டிக் மாலை போட்டுச் சுவரில் மாட்டியது அத்தானேதான். தர்மபுரத்தில், பூசாத ஒரு கல்வீட்டில், படப்பிடிப்பின் முதல் நாள். மாலைக்குள் இருந்து அவர் சிரித்தார்; கீழே நின்று அதே மனிதர் கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் கணவர். பகலில் ஆட்டோ ஓட்டியவர். மிச்ச நேரமெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குள் குடியிருந்தவர். சின்னச் சின்னப் படங்கள் எடுப்பார், தானே நடிப்பார், எங்களுக்கே போட்டுக் காட்டுவார். ஒரு முழுப்படம் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கதையில் அவர் இறந்துபோன மகன். தாயாக நடிக்க வந்தவர் பக்கத்து வீட்டு மாமி. அவருடைய மகன் கடைசிச் சண்டையில் முள்ளிவாய்க்காலில் காணாமற்போனவன். மாலை போட்ட படத்தின் முன் தாய் விழுந்து அழுதால் கொட்டகையே அழும் என்று பழைய படங்கள் அத்தானுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தன. அவர் அதை மட்டும்தான் யோசித்தார்.

மாமி கதிரையில் ஏறி மாலையைக் கழற்றினார்.

"உயிரோட நிக்கிற பிள்ளைக்கு ஆர் தம்பி மாலை போட்டது? என்ர பிள்ளைக்கே நான் இன்னும் போடேல்லை."

"அத்தான், உங்களுக்கு ஆயுசு கூடிட்டுது" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்றே கதையை மாற்றினார். மகன் திரும்பி வருகிறான். அத்தான் படலையைத் திறந்து வந்தார். மாமி கட்டிப்பிடித்துக் கதற வேண்டும். கதறவில்லை. "வந்திட்டியே? கையைக் கழுவு" என்று குசினிக்குள் போய், சோறு போட்டுக்கொண்டு வந்தார். வசனத்தை மறந்து அத்தான் சாப்பிட்டார். அப்படியொரு காட்சியை அவர் அதற்கு முன் எடுத்ததில்லை.

மறுநாள் மாமி வேலியால் எட்டிப் பார்த்தார். "தம்பி, இண்டைக்கும் எடுப்பமே?"

அதே காட்சியை எடுத்தார். அடுத்த நாளும் எடுத்தார். மாரி வந்தது, போனது, வேலி உக்கி விழுந்தது; மற்றக் காட்சிகள் எடுபடாமலே கிடந்தன. நடிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள்.

"உங்கட படம் சோத்துக் கோப்பைக்குள்ளை மூழ்கிப்போச்சு" என்று அக்கா ஏசினார்.

"அவா கேக்கேக்கை இல்லையெண்டு எப்பிடியப்பா சொல்லுறது?"

போன வருஷம் மாமி செத்துப்போனார். அத்தான் இப்போது நெளுக்குளத்தில் ஒரு ஸ்டூடியோவில் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறார். மாமியின் காட்சிகளை ஒட்டினால் குறும்படமாவது வரும் என்று அங்கே போனபோது சொன்னேன். அத்தான் அவற்றைக் கணினியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டார்.

"அவான்ர கண்ணைப் பார்."

மாமி சோறு போடுகிறார். எல்லாக் காட்சியிலும் அவர் கண் அத்தானின் தோளைத் தாண்டிப் போய்விடுகிறது, பின்னால் இன்னும் யாரோ வருவதுபோல.

"ஒருநாள்கூட நான் அவான்ர பிள்ளையா வரேல்லையடா" என்றார் அத்தான்.