எனக்கு மட்டும் ஒரு திறப்பு

எங்கள் தீவில் மடத்துவெளிப் பக்கத்தில் உப்பில்லாமல் ஊறுகிற ஒரே கிணற்றைப் பூட்டியது நீதான். உன் மச்சினன் பூட்டினான், உனக்குத் தெரியாது என்றெல்லாம் சாட்டுச் சொல்லாதே. பூட்டச் சொன்னது நீ.

உனக்குச் செய்தி சொன்னவன் நான். அதையும் எழுதிவிடுகிறேன். சித்திரை வருடப்பிறப்புக்குக் கொழும்புக்கு உனக்குப் போன் எடுத்தேன். "மச்சான், உன்ரை கிணத்திலைதான் இப்ப எல்லாரும் அள்ளீனம். கரைப்பக்கத்துச் சனமும் சைக்கிளிலை தண்ணிக் கான் கட்டிக்கொண்டு வருது" என்றேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்த மடையன் நான். ஒருவனின் கிணற்றில் ஊர் அள்ளினால் அது அவனுக்குப் பெருமை என்றுதான் எனக்குத் தெரியும். நீ "ஓமோ?" என்று மட்டும் கேட்டாய். அடுத்த கிழமை உன் மச்சினன் கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டான்.

தண்ணீர்ப் பவுசர் நினைத்த நாளில்தான் வரும். வராத நாளில் உப்புத் தண்ணீரில்தான் உலை. புருஷனைக் கடலில் பறிகொடுத்த கரைப்பக்கத்து ஒருத்தி, இரண்டு பிள்ளைகளின் தாய், வெறும் கானோடு என் படலையில் வந்து நின்றாள்.

"அண்ணை, நீங்கள் சொல்லித்தானாம் பூட்டினவை?"

மறுநாளே கொழும்புக்குப் பஸ் ஏறினேன்.

எங்கள் ஊர் சோளகக் காற்றில் காய்ந்து கிடக்க, வெள்ளவத்தையில் மழை அடித்து ஊற்றியது. உன் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். நாலு மாடி ஏறி வந்தேன். கதவைத் திறந்த நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "இஞ்சை வந்து பாரப்பா, தீவான் ஒருத்தன் மிதந்து வந்திருக்கிறான்!"

உன் மனைவியும் எங்கள் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பில் படித்தவள்தான். துவாயோடு வந்தாள். "தலையைத் துடைச்சிட்டு இருங்கோ அண்ணை, கதிரை நனைஞ்சா மணக்கும்." பிறகு, பெய்கிற மழைக்கு உடுப்புக் காயவில்லை என்று குறைப்பட்டாள். மழையைத் திட்டித் திட்டித் தேத்தண்ணீர் ஊற்றினாள்.

நான் கிணற்றுக் கதையை எடுத்தேன், என் படலையில் வந்து நின்றவளைப் பற்றியும் சொன்னேன். நீ எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்தாய். கிணற்றுப் பூட்டின் திறப்பு ஒன்றைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாய்.

"உனக்கு மட்டும். நீ எங்கடையாள். ஆருக்கும் காட்டாதை."

பொய் எழுத மாட்டேன். அதைப் பொத்திப் பிடித்தேன். என் வீட்டுக் குடம் நிறைவது ஒரு கணம் கண்ணில் தெரிந்தது. பிறகுதான் கேட்டேன்.

"அந்தப் பெட்டை வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"அதுக்கென்ன? நீ அள்ளி அவளின்ரை கானுக்கை மேலையிருந்து ஊத்திவிடு. அவளின்ரை வாளி கிணத்துக்கை இறங்கக் கூடாது. எங்கடை அப்பர் காலத்திலை அப்பிடித்தானே நடந்தது?"

உன் மனைவி தலையாட்டினாள். "நாங்கள் தண்ணி குடுக்க மாட்டம் எண்டு சொல்லேல்லையே அண்ணை."

சாதி என்ற சொல்லை இருவரும் வாயில் எடுக்கவில்லை. அவ்வளவு நாகரிகம். பள்ளிக்கூடத்தில் கரைப்பக்கத்துப் பெடியன் கொண்டுவந்த பொரித்த மீனை அவன் பெட்டிக்குள் கைவிட்டுத் தின்றவன் நீ. அப்போது உனக்குத் தீட்டு எங்கே போயிருந்தது? கேட்டேன். "பழைய கதையை விடடா" என்றாய்.

திறப்பை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். "கோவிக்காதை மச்சான், குடையைக் கொண்டு போ" என்றாய். குடை வேண்டாம் என்றேன். வாசல்வரை வந்து நீயே சொன்னாய், எங்கள் ஊர் றோட்டால் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகிற சனத்துக்கு இந்த முறை உன் அப்பா பெயரில் தண்ணீர்ப் பந்தல் போடப் போகிறாயாம். ஒலிபெருக்கியும் கட்டுவாயாம். நானும் வந்து நிற்க வேண்டுமாம்.

வருவேன். அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருவேன். றோட்டால் போகிற அத்தனை பேரும் கேட்க, உன் ஒலிபெருக்கியிலேயே நீ பதில் சொல். உன் அப்பாவின் கிணற்றில் அவள் தன் கையால், தன் வாளியால் அள்ளலாமா, கூடாதா? கூடாது என்றால் ஏன் என்றும் சொல். கொழும்பில் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளில், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்.