நான் குறைத்த பதினொரு மாடி

எங்கள் சமையலறையின் பின்ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்மலை முருகன் கோயில் கோபுரம் தெரியும். முழுசாகத் தெரியாது. பின்னால் இருந்த காலி நிலத்து ரம்புத்தான் மரங்கள் கீழ்ப்பாதியை மறைத்துவிடும்; மேல்பாதி மட்டும் மலைப்பச்சைக்கு நடுவே நிற்கும். எனக்கு அது போதும். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காலையில் குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றிய கையோடு அந்த ஜன்னலில் நின்று ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் கோப்பி குடிப்பேன். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய காலத்தில்கூட இதைத் தவறவிட்டதில்லை. நான் படித்தது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான். தேவாரமெல்லாம் மனப்பாடமாகத் தெரியாது. எனக்குத் தெரிந்த பக்தி இந்த ஜன்னல்தான்.

இப்போது அந்த ஜன்னலுக்குப் போனால் கால் நிலைகொள்ள மாட்டேன் என்கிறது. ஏன் என்று எழுதிவிட்டால் கொஞ்சம் ஆறுமோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். அவளும் மருமகனும் எங்கள் தீவிலேயே, பாயான் லெப்பாஸில் ஒரே ஃபெக்டரியில் வேலை செய்கிறார்கள். வாடகைக்கு இருப்பதோ கடல் தாண்டி, புக்கிட் மெர்தாஜாமில். அவர்கள் சம்பளத்துக்குத் தீவில் வீடு அமையவில்லை. எங்களோடு வந்து இருங்கள் என்றால், இரண்டு அறை வீட்டில் மருமகன் கூச்சப்படுகிறார். மகள் காலை நாலரைக்கு எழுந்து, தூங்குகிற பிள்ளையைத் துவாலையில் சுற்றி, பிள்ளை பார்த்துக்கொள்கிற ஒரு அம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஃபெக்டரி பஸ் பிடித்துப் பாலம் தாண்டி வருவாள். திரும்பிப் போகும்போது பிள்ளை மறுபடியும் தூங்கியிருக்கும்.

"என் புள்ள என்னை ஞாயித்துக்கிழமை அம்மான்னு நெனைக்குதுப்பா," என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷத் தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுத்தேன். 'முருகா, என் பிள்ளைக்குத் தீவில் ஒரு வீடு. எத்தனாவது மாடி என்றாலும் சரி' என்பதுதான் வேண்டுதல். வெயிலில் தார் ரோட்டில் நடந்து பாதமெல்லாம் கொப்புளம். அந்தக் கொப்புளம் ஆறுவதற்குள் மாநகர் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது.

பின்னால் இருந்த காலி நிலத்தில் இருபத்தெட்டு மாடிக் கட்டடம் கட்ட ஒருவர் மனுப் போட்டிருக்கிறார். பக்கத்து நிலக்காரர்கள் ஆட்சேபம் இருந்தால் மூன்று வாரத்துக்குள் எழுதித் தெரிவிக்கலாம், விசாரணைக்கும் வரலாம் என்று மலாய் மொழியில் இருந்தது. இரண்டு பக்கக் கடிதம். எனக்குக் கண்ணில் பட்டது இருபத்தெட்டு என்ற எண் மட்டும்தான். மற்றதை நான் படிக்கவில்லை. மூக்குக்கண்ணாடி அலமாரியில் இருந்தது, எடுத்துப் போட்டுப் படித்திருக்கலாம். எனக்கோ உடம்பெல்லாம் பதறிவிட்டது. இருபத்தெட்டு மாடி வந்தால் கோபுரம் எங்கே, மலையே தெரியாது.

பக்கத்து வீட்டில் ஒரு சீன வாத்தியார், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலிக்கு மேலாகக் கூப்பிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அண்ணே. மற்றதெல்லாம் நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம்.

"அண்ணே, கடிதம் பாத்தியா? இனிமே உன் கொடியில துணி காயாது."

"துணி கெடக்கட்டும் வாத்தியாரே, மலை போயிடுமே."

"சும்மா பொலம்பினா ஆகாது லா. எழுதணும். நம்ம வரிசையில ஏழு வீடும் ஏழு காரணம். நான் ரோடு எழுதுறேன். கோடி வீட்டம்மா வெள்ளம் எழுதுறாங்க. உனக்கு எது வேணும்?" பாசாரில் மீன் பொறுக்கச் சொல்வது போலக் கேட்டார்.

"எனக்குச் சாமி தெரியணும். அவ்வளவுதான்."

வேலிக்கு இன்னும் கிட்ட வந்தார். "அதையே எழுது. ரோட்டைப் பத்தி எல்லாரும் எழுதுவான். இதை நீ ஒருத்தன்தான் எழுத முடியும்."

மூன்று வரி எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. முருகன் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை அன்று வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. ஏழு வீட்டுக்காரர்களும் ஒரு வரிசையில் உட்கார்ந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்கார அம்மா, அதிகாரி, சின்ன வயதுதான். பொறுமையாக விளக்கினார். இந்த நிலத்தில் எத்தனை வீடு கட்டலாம் என்பது முன்னால் இருக்கிற ரோட்டின் அகலத்தைப் பொறுத்தது. இந்த ரோடு குறுகல். அகலப்படுத்த இந்த வருஷ பட்ஜெட்டில் பணம் ஒதுக்கவில்லை. ஆனாலும் இது மலிவு விலை வீடு என்பதால் கூடுதல் மாடி கேட்கிறார்கள் என்றார்.

மலிவு விலை என்றதும் நிமிர்ந்தேன்.

"எல்லா வீடுமா?" என்று வாத்தியார் கேட்டார்.

"எல்லாமே. தீவுல வேலை செஞ்சு, சொந்த வீடு இல்லாதவங்களுக்கு," என்றார் அந்த அம்மா.

என் மகளுடைய படத்தை எடுத்துக் காட்டிச் சொன்னது போல் இருந்தது. இந்த விவரமெல்லாம் அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்ததாம். யோசிப்பதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த இடத்தில் நான் எழுந்து, "அம்மா, என் தாளைத் திருப்பிக் கொடுங்க," என்று சொல்லியிருக்கலாம். ஆறு வீட்டுக்காரர்கள் பக்கத்தில் இருந்தார்கள். வாத்தியார் என் முதுகில் தட்டினார். போட்டிருந்த சட்டைக்கும் பூசியிருந்த திருநீறுக்கும் நான் பேசித்தான் ஆக வேண்டும் என்று பட்டது. பேசினேன். இத்தனை வருஷமாகக் காலையில் கும்பிடுகிற ஜன்னல் என்று சொன்னபோது எனக்கே அழுகை வந்தது. அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வேறு இடத்தில் வேறு கட்டடம் வரும், என் மகளுக்கு அங்கே கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச மாதத்தில் முடிவு வந்தது. பதினேழு மாடிக்குத்தான் அனுமதி; அதற்கு மேலே கோபுரத்தின் நுனியாவது தெரியும் என்று வரைபடத்தில் காட்டியிருந்தார்கள். காரணங்களில் ரோடு இருந்தது. மலைக்காட்சியும் இருந்தது. வாத்தியார் எங்கள் ஏழு வீட்டுக்கும் நாசி கண்டார் கடைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். "உன் சாமிதான் ஜெயிச்சாரு, அண்ணே!"

அவரே சாப்பிட்டுக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். அடியில் கார் நிறுத்துகிற மாடிகள் அப்படியே இருக்குமாம். குறுகல் ரோட்டில் கார் நிறுத்த இடமில்லை என்பதால் அதில் கை வைக்க முடியாதாம். குறைந்த பதினொன்றும் ஆட்கள் குடியிருக்கிற மாடி. மீன் தலையைப் பக்கத்து இலைக்குத் தள்ளினேன்.

மகளும் மருமகனும் அந்தக் கட்டடத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். வீடு ஒதுக்குகிற குலுக்கல் முடிந்த அன்று மதியம் ஃபெக்டரியிலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, நம்ம பேரு வரல. காத்திருக்கிற லிஸ்ட்டுல போட்டிருக்காங்க."

"சரிம்மா. முருகன் பாத்துக்குவாரு."

"மொதல்ல பெருசாத்தான் கட்ட இருந்தாங்களாம்பா. பக்கத்து வீட்டுக்காரங்க போயித் தடுத்துட்டாங்களாம். உங்க வீட்டுக்குப் பின்னாடிதானே? யாருப்பா அது, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா," என்றேன்.

மறுநாள் விளக்கேற்றிவிட்டு ஜன்னலுக்குப் போனேன். கோபுரம் இருந்தது. கை மட்டும் சேரவில்லை. மலைக்கே போய் வரலாம் என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பாதிப்படி ஏறி, மேலே போகப் பயந்து இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே சாமி அறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"உக்காருங்க, தரை தேயுது," என்றாள் என் வீட்டுக்காரி. "பொய் சொன்ன வாயை வச்சிக்கிட்டு எங்க நடந்தாலும் அது கூடத்தான் வரும். போயி அவகிட்டச் சொல்லிட்டு வாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் புக்கிட் மெர்தாஜாம் போனோம். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பால்குடம் முதல் நாசி கண்டார் வரை. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. பிள்ளையின் சின்னச் சட்டை ஒன்றை மட்டும் மூன்று தரம் மடித்தாள்.

"வீடு வேணும்னு நீங்கதான் பாலு சுமந்தீங்க."

"ஆமாம்மா."

"அவரு குடுக்க வந்தாரு. நீங்க போயி வேணான்னுட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. "முருகன் எங்கப்பா போயிடப் போறாரு? அவரு மலையிலதான் இருப்பாரு. நாலரைக்கு எந்திரிச்சுப் பாலம் தாண்டறது நான்தான்."

மருமகன் எழுந்து, "மாமா, கோப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தக் கோப்பியைக் குடித்த மாதிரி எனக்கு நினைவே இல்லை.

அடுத்த வருஷம், ரோட்டை அகலப்படுத்தப் பணம் ஒதுக்கிவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. பின்னாலேயே இரண்டாம் கடிதம். அதே ஆள், விட்டுப்போன பதினொரு மாடியையும் சேர்த்துக் கட்ட மறுபடி மனுப் போட்டிருக்கிறார். இந்தத் தரம் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தேன். மாடி கூடினால் காத்திருக்கிறவர்களை வரிசைப்படி கூப்பிடுவார்கள் என்று மகள் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். நீங்கள் போய்ச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நானே மாநகர் மன்றத்துக் கவுண்டருக்குப் போனேன். அங்கே இருந்த பெண் நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரத்தை நீட்டினாள்.

"இது ஆட்சேபப் பாரம்மா. எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை எழுத எது?"

"ஆட்சேபம் இல்லைன்னா வீட்டுல இருங்க, அங்கிள். அதைச் சொல்றதுக்கு யாரும் இவ்வளவு தூரம் வர மாட்டாங்க."

"நான் வந்திருக்கேனே."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அதே பாரத்திலேயே எழுதச் சொன்னாள். காரணம் என்ற கட்டத்தில், முன்பு நான் கொடுத்த ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன், மாடிகளைக் கட்ட விடுங்கள் என்று எழுதினேன். இதற்கு ஒரு மணி நேரம் ஆகவில்லை.

விசாரணைக்கும் போனேன். அதே அதிகாரி. வாத்தியார் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். நான் கோடியில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, இங்க லா!"

"நான் வேற சொல்ல வந்திருக்கேன், வாத்தியாரே."

என் முறை வந்தபோது எழுந்தேன். "இந்த மாடியைக் குறைக்கச் சொல்லி அழுதவன் நான்தான். அன்னைக்கு நான் சொன்னது பொய்யில்லை. இன்னைக்கும் அந்த ஜன்னல் எனக்குப் பெருசுதான். ஆனா என் மக அந்த லிஸ்ட்டுல இருக்கா. தயவுசெஞ்சு திருப்பி வைங்க." அதிகாரி, மகளுக்காகத்தான் கேட்கிறீர்களா என்றார். "ஆமாம்மா. பொதுநலம்னு சொல்ல மாட்டேன்," என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

வாத்தியார் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. முன்பெல்லாம் வேலிக்கு மேலாகத் தட்டில் கூவே பலகாரம் வரும். இப்போது அவர் வீட்டு நாய் மட்டும்தான் என்னைப் பார்த்து வாலாட்டுகிறது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் ரோட்டைப் பற்றிச் சொன்னதும் உண்மைதானே.

போன மாதம் பின்னால் இருந்த மரங்களை வெட்டிவிட்டார்கள். எத்தனை மாடி வந்தாலும் நிலத்தைச் சுத்தம் செய்துதானே ஆக வேண்டும். மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கோபுரம் அடி முதல் நுனி வரை முழுசாகத் தெரிந்தது. கை தானாகவே சேர்ந்தது. இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று தெரியும். அந்தப் பதினொரு மாடியும் வந்து உன்னை மறைக்கட்டும் சாமி என்று வாய்விட்டே கேட்டேன். உள்ளே இருந்து என் வீட்டுக்காரி, "யார்கிட்டப் பேசுறீங்க?" என்றாள்.

முடிவு இன்னும் வரவில்லை. மகள் வாரத்துக்கு ஒரு தரம், வேறு ஏதோ பேசுகிற மாதிரி, "கடிதம் வந்துச்சாப்பா?" என்று கேட்கிறாள். தபால்காரர் மோட்டார் எங்கள் வரிசையில் திரும்புகிற சத்தம் கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையை உதறிவிட்டு வாசலுக்குப் போகிறேன். இன்று தண்ணீர் பில் வந்தது.