சிக்னலில் நின்ற தேசபக்தி

ஒசாகாவில் எங்கள் இக்குனோ பக்கம் ஒரு வதந்தி. பலகாரக்கடை சுன்யோ அக்கா யாருக்கோ லஞ்சம் கொடுத்துக் கடைமுனை சிக்னலைக் கெடுத்து, தேசபக்தர்களின் ஊர்வலத்தைக் கவிழ்த்துவிட்டாராம். நேரில் போய் சிக்னல் கம்பத்திலிருந்த பொத்தானை அழுத்திப் பார்த்தேன். சாலையைக் கடக்க விரும்புகிறவர் அழுத்துவது; சற்றுப் பொறுத்தால் வண்டிகளுக்குச் சிவப்பு விழும். லஞ்சம் வாங்கிய முகம் அதற்கு இல்லை. கடைக்குள் நுழைந்தேன்.

சுன்யோவின் அப்பா கொரியாவிலிருந்து படகேறி வந்தவர். சுன்யோ பிறந்ததே இந்தத் தெருவில். சண்டை போடுவது சுத்தமான ஒசாகாப் பேச்சில். ஆனாலும் மாதம் ஒரு ஞாயிறு கொடியும் ஒலிபெருக்கியுமாய்ச் சிலர் வந்து, "கொரியர்களே, வெளியேறுங்கள், இல்லையேல் செத்துப்போங்கள்" என்று கூவிப் போவார்கள். போலீஸ் அனுமதியோடு, மதியம் இரண்டு மணி வரை. அதற்குமேல் தேசத்துக்கு ஆபத்தில்லை.

போன முறை வியாபாரிகள் சங்கம் கூடி வீரமாக முடிவெடுத்தது: ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பது.

"என்னால முடியாதுப்பா," என்றார் சுன்யோ. "சலூன்காரர் பொண்ணுக்கு அன்னிக்குத்தான் முதல் பொறந்தநாள். விருந்து எதிர்த்த மண்டபத்துல. பலகாரம் மொத்தமும் நான்தான் கொண்டுபோகணும்."

"ஒருநாள் தள்ளி வெச்சா என்னக்கா?" என்றார் சங்கத் தலைவர்.

"கொழந்தை ஒருநாள் தள்ளியா பொறந்துச்சு?"

ஞாயிறு வந்தது, ஊர்வலமும் வந்தது. சுன்யோ ஒரு தாம்பாளத்தோடு பொத்தானை அழுத்தினார். சிவப்பு. சாலையில் வந்த ஊர்வலம் அப்படியே நின்றது. மனிதரைச் சாகச் சொல்லும் வாய். சிவப்பைக் கண்டால் மட்டும் கால் நகராது. எங்கள் ஊர் வளர்ப்பு அப்படி. "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று குனிந்தபடி சுன்யோ கடந்தார். வெறுங்கையோடு திரும்ப மறுபடி பொத்தான். அடுத்த தாம்பாளம், மறுபடி சிவப்பு. 'வெளியேறு' என்றார்கள், அவர் வெளியேறிக்கொண்டும் திரும்பிக்கொண்டும் இருந்தார்.

ஷட்டர்கள் அரையடி உயர்ந்தன. மீன்கடை யோனெமுரா வெளியே வந்தார்.

"எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லையேக்கா?"

"திரும்பி வர்ற வேலையாச்சும் இருக்கும்ல? வாய்யா!"

பிறகு தெருவுக்கே எதிர்ப்பக்கம் வேலை வந்துவிட்டது. வெங்காயத்தோடு சிலர், நாயோடு சிலர், சும்மா சிலர். எல்லோரும் பச்சைக்குக் காத்திருந்து, வணங்கிக் கடந்தார்கள். ஒரு சட்டமும் மீறப்படவில்லை; போலீஸ்காரர்கள் யாரை அதட்டுவதென்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள்.

ஊர்வலத் தலைவர் ஷினோசுகாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"ஏம்மா, இன்னும் எத்தனை தடவை?"

"பலகாரம் தீர்ற வரைக்கும்ண்ணே. இந்தாங்க. கொழந்தை பேரச் சொல்லிக் குடுக்கறது, வேண்டாங்கக் கூடாது."

நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டு நீண்டது. அவருடைய கொள்கை யோசிப்பதற்குள் கைகள் இரண்டும் வாங்கிவிட்டன. தலையும் பழக்கத்தில் குனிந்துவிட்டது. கையிலிருந்த கொடி, பக்கத்துப் போலீஸ்காரர் கைக்குப் போயிருந்தது. அதற்குள் மணி இரண்டு. "நேரமாச்சு, கலையுங்க" என்றார் அதிகாரி. மண்டபத்தில் விருந்து தாமதமாகவில்லை; குழந்தை பலகார மாவை எல்லோர் முகத்திலும் பூசிக்கொண்டிருந்தது.

ஊர்வலக்காரர்கள் திருந்திவிடவில்லை. அடுத்த மாதத்துக்கு, சிக்னலே இல்லாத தெருவாகப் பார்த்து அனுமதி கேட்டிருக்கிறார்கள்.

"தட்டு வந்துச்சாக்கா?" என்று கேட்டேன்.

"எங்க வந்துச்சு? வெறுந்தட்டாக் கொண்டுவந்தா வாங்கவும் மாட்டேன். பொறந்தநாள் பலகாரம் வாங்கினவங்க, கொழந்தை நல்லா இருக்கணும்னு ஒரு நூல்கண்டாச்சும் வெச்சுத்தான் தட்டத் திருப்பணும். எங்க மொறை அது."

தட்டு இன்னும் ஷினோசுகா வீட்டில்தான் இருக்கிறது.