மிதவையைத் தாண்டிப் போன காலை

“மழ பேஞ்சாலே மூலையில போய் குந்திக்குவ. நீ கடல்ல போய் இன்னாத்த நீந்தப் போற?” என்று கேட்டாள் அம்மா.

போன ஏப்ரல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில், முதல்முறையாகக் கடலில் நீந்துவதற்காக நின்றுகொண்டிருந்தேன். அம்மா கேட்டதில் தப்பே இல்லை.

பெருவெள்ளம் வந்த வருடம் நான் எட்டாம் வகுப்பு. கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டித்தான் எங்கள் வீடு. விடியும் நேரத்தில் அடையாறு எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். திரும்பிப் பார்த்தபோது என் புத்தகப் பை மிதந்து போய்க்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வீடு போனதைவிட அந்தப் பை போனதற்குத்தான் அதிகம் அழுதேன்.

பிறகு பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். “இங்க தண்ணி வராது. கொயாயிலயும் வராது” என்று அம்மா சிரிப்பாள். நான் படித்தேன், பட்டம் வாங்கினேன், தரமணியில் வேலைக்குச் சேர்ந்தேன். தண்ணீர் பயம் மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், பேருந்து நிற்பதற்குள் இறங்கப் பார்த்து விழுந்ததில் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்தும் காலில் பலம் வரவில்லை. பிசியோதெரபி செய்த பெண், நீச்சல்தான் இதற்கு நல்லது என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் நீச்சல் குளத்தில் பெண்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். முதல் இரண்டு வாரம் சுவரை விட்டுக் கையை எடுக்கவில்லை. கடைசியில் என்னைக் காப்பாற்றியது குளத்தின் தரையில் இருந்த கறுப்புக் கோடு. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, அந்தக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் பயம் தெரியாது. ஒரு வருடம் அப்படியேதான் நீந்தினேன்.

அந்தத் தைரியத்தில்தான் கடலுக்கு வந்திருந்தேன். நீச்சல் குளத்திலிருந்து நாங்கள் பதினைந்து பேர். அலை உடையும் இடத்தைத் தாண்டி உள்ளே போய், கரைக்கு இணையாக வடக்கே நீந்தி, ஆரஞ்சு மிதவை ஒன்றைச் சுற்றித் திரும்ப வேண்டும். மொத்தம் ஒரு கிலோமீட்டர். துணைக்கு ஊரூர் குப்பத்துப் படகு ஒன்று. அம்மா, சமையல் வேலை செய்யும் வீட்டில் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, துண்டோடு வந்து நின்றாள். அலை எட்டாத தூரத்தில் நின்றாள்.

கடலுக்கு அடியில் கோடு இல்லை. வெறும் பச்சை இருட்டு. ஆனாலும் பழக்கம் விடவில்லை, நான் முகத்தைத் தூக்கவே இல்லை. கை போடப் போட உடம்பு வழுக்கிக்கொண்டு போனது. குளத்தில் ஒருநாளும் இவ்வளவு வேகம் வந்ததில்லை. எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை. அந்த வேகம் என்னுடையதில்லை, வடக்கே இழுக்கும் நீரோட்டத்துடையது என்று எனக்குத் தெரியாது.

திடீரென்று ஒரு வாசனை. சேறும் சாக்கடையும் கலந்த அந்த வெள்ளத்து வாசனையை எந்த வயதிலும் மறக்க மாட்டேன். தலையைத் தூக்கினேன். மிதவை இல்லை, உடன் வந்தவர்கள் யாரும் இல்லை. எதிரே கரையில் உடைந்த பாலம். அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கே வந்துவிட்டேன்.

கை கால் எல்லாம் விறைத்துப்போனது. உதைக்கப் பார்த்தால் முழங்காலில் சுரீரென்று வலி. உப்புத் தண்ணீரை இரண்டு வாய் குடித்துவிட்டேன். அதற்குள் படகு பக்கத்தில் வந்து நின்றது. அதிலிருந்தவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

“இன்னாம்மா, ஆத்துக்கு அந்தாண்ட பட்டினப்பாக்கம் போறியா? பஸ்ஸுல போனா சீக்கிரம் பூடலாமே!”

அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஏறிக்கொள்கிறாயா என்று கேட்டார். ஏறினால் இனி எந்தத் தண்ணீரிலும் இறங்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

“அப்ப மல்லாந்து படு. மூச்ச வாங்கு. நான் இங்கதான் கீறேன்.”

மல்லாந்து படுத்தேன். காது தண்ணீருக்குள் போனதும் உலகத்தின் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. மேலே வானம் மட்டும். கடல் மூச்சு விடுவதுபோல என்னை ஏற்றி இறக்கியது. மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு மணல் திட்டுக்கு நடுவில், நாலு ஆள் அகலத்துக்கு, கறுப்பாக ஒரு தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டை எடுத்துப்போன ஆறு அதுதான். கடல் அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தது. பத்து வருடமாக நான் பயந்ததை இவ்வளவு சுலபமாக விழுங்கும் கடல், என்னை மட்டும் பூப்போல மேலே வைத்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, கண்ணில் நீர் வழிந்ததும் எனக்குத் தெரியவில்லை.

“கரை பக்கமா வா, அங்க இழுப்பு கம்மி. மூணு கை போட்டா ஒருதபா தலையத் தூக்கு. அந்த மாதா கோயில் கூர தெரியுதா? அத்த வுட்றாத” என்றார் படகுக்காரர்.

மூன்று கை, ஒரு பார்வை. மூன்று கை, ஒரு பார்வை. கோயில் கூரை நகரவே இல்லை. காலை உதைக்காமல் கையாலேயே இழுத்தேன். நடுவில் நான்கு முறை மல்லாந்து படுத்தேன். மற்றவர்கள் கரையேறி இட்லி சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்குத் தரை தட்டியது.

எழுந்து நின்று பார்த்தால், முழங்கால் அளவுத் தண்ணீரில் அம்மா! புடவை நனைந்து, துண்டும் நனைந்து, என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வெள்ளத்துக்குப் பிறகு அவளும் கடலில் கால் வைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுடைய பயத்தைப் பற்றி, படித்த நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“காலு எப்டி கீது?” என்று மட்டும் கேட்டாள்.

என்னை மிதக்க வைத்த அந்தக் கடலை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. தலையைத் தூக்கிப் பார்த்தால்தான் நாம் எங்கே இருக்கிறோம் என்பதும், நமக்காக யார் நிற்கிறார்கள் என்பதும் தெரிகிறது. போன வாரம் நீச்சல் குளத்தில் இன்னொரு படிவம் வாங்கி வந்து நிரப்பினேன். வயது என்ன போட என்று கேட்டதற்கு, “உன்னவிட இருவது ஜாஸ்தி போடு” என்றாள் அம்மா. நான் சொல்லிக்கொடுத்த எழுத்துகளில், நாக்கைக் கடித்துக்கொண்டு, அவளே கையெழுத்துப் போட்டாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு முதல் வகுப்பு.