தாலிக்கொடி களவெடுத்தவள்

என்னைக் கள்ளி என்று சொன்னது என் சொந்தத் தாய்தான். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி, வாசலில் நின்று சொன்னாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்த அப்பா செத்து மூன்று மாதம். அதற்கு முன்பே அம்மாவுக்கு ஞாபகம் தவறத் தொடங்கியிருந்தது. இன்று அதற்கு அல்சைமர் என்று பெயர் இருக்கிறது. அன்று வந்த டாக்டர் வயதுக் கோளாறு என்றார், ஒரு டொனிக் எழுதித் தந்தார், போய்விட்டார். அம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு.

அப்பா செத்தது அவளுக்கு நினைவில் நிற்கவில்லை. கழுத்தைத் தடவிப் பார்ப்பாள். தாலிக்கொடி இராது. வீட்டில் இருப்பது நான் ஒருத்தி, ஆகவே கள்ளியும் நான்தான்.

செத்தவீட்டில் அந்தக் கொடியைக் கழற்றியவள் அப்பாவின் தங்கை, என் மாமி. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போய்விட்டு, திருநீற்றோடு நேரே எங்கள் வீட்டுக்கு வருவாள். தாலி அறுத்தவள் தாலி தேடுவது குடும்பத்துக்குக் கூடாதாம். அம்மாவை உட்காரவைத்து, அண்ணன் செத்த கதையை ஒன்றும் விடாமல் சொல்வாள். அம்மா தலையிலடித்துக்கொண்டு அழுவாள். மாமி ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போவாள். ஒரு மணித்தியாலத்தில் அம்மாவின் கை மறுபடி கழுத்துக்குப் போகும். மாமியை நான் அடியோடு வெறுத்தேன். இன்றும் வெறுக்கிறேன்.

ஆனால் நானும் ஒருநாள் அதையே செய்தேன். அடுத்த வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க, அம்மா என் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்பா செத்துப்போனார் என்று கத்தினேன்.

அம்மா அழவில்லை. கொட்டிய உடுப்புகளுக்கு நடுவில் நின்று கேட்டாள்:

"எப்ப? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

மாமியின் மேல் இருந்த வெறுப்பில் பாதி அன்று என்மேல் திரும்பியது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமி வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமினாள். அவள் தொடங்குமுன் அம்மா என்னைக் காட்டி, இவள்தான் கொடியை எடுத்தவள் என்றாள்.

"ஓம் அம்மா, நான்தான் எடுத்தனான்," என்றேன். "கொக்கி கழண்டு போச்சு. செட்டியார் தெரு நகைக்கடையிலை திருத்தக் குடுத்திருக்கு."

அம்மா மாமியைப் பார்த்தாள். "கேட்டியே மச்சாள்? அவர் கந்தோராலை வரட்டும், இவளுக்கு இருக்கு."

பிறகு சாப்பாடு கேட்டாள். அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

மாமியை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பெற்ற தாய்க்குச் சுமங்கலி வேஷம் போட்டவள் என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். சொல்லட்டும். அம்மா இன்னும் நாலு வருஷம் இருந்தாள். தினமும் என்னைக் கள்ளி என்று ஏசினாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் விதவையாகவில்லை.