அவள் சொல்லாத பெயர்

இந்த மலாய்ச் சீமையில் விடிந்தால் எனக்கு ஒரு பெயர், பொழுது சாய்ந்தால் ஒரு பெயர். லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது கணக்கெழுதும் கிராணி என்னை ஜான் என்பார். மாலையில் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் பழவியாபாரி யஹ்யா என்பார். மலாய்க்காரரான அவருக்கு, நான் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வராதது பெரிய குறை. கழுத்துச் சிலுவையைக் காட்டினால், "யஹ்யா எங்க நபி பேரு, நீ ஏன் வரல?" என்று அரைத்தமிழில் இன்னும் கோபிப்பார்.

ஊரில் நான் அருளப்பன் மட்டும்தான். எல்லாம் ஒரே பெயர் என்று ஈப்போக் கோயில் பிரெஞ்சுச் சாமியார் சொல்லித்தான் தெரியும். எபிரேயத்தில் யோகனான், ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்று பொருளாம். அது லத்தீனில் யோவான்னெஸ், அரபியில் யஹ்யா, இங்கிலீஷில் ஜான். நம் பழைய சாமியார்கள் பொருளைப் பிடித்துக்கொண்டு அருளப்பன் என்று வைத்துவிட்டார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது, அந்தப் பெயரே என் கழுத்தைப் பிடிக்கும்வரை.

ஈப்போ ரயிலடியில் வேலை பார்க்கும் பெரியவரின் மகள் மரியம்மாளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். யாருக்காவது தடை தெரியுமா என்று கேட்டு, கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்க வேண்டும், இரண்டு வாசித்தாயிற்று. அப்போது சாமியார் என்னையும் பெரியவரையும் கூப்பிட்டார். கடலோர லூமுட்டில் யோவான்னெஸ் என்று ஒருவன் ஏற்கெனவே ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டியிருக்கிறானாம். அவனும் இராமநாதபுரம் ஜில்லா. கோயில் புத்தகத்தில் எல்லாப் பெயரும் லத்தீனில்தான்; தகப்பன் பெயர் யாக்கோபுஸ். என் தகப்பனார் சந்தியாகுவும் லத்தீனில் யாக்கோபுஸ்தான். மூன்று வருஷமாக அந்த ஆளைக் காணோம். நான் இங்கே வந்தும் மூன்று வருஷம். அந்த ஆள் நான்தானோ என்று சாமியாருக்குச் சந்தேகம்.

ஊருக்கு எழுதிப் பதில் வருவதற்குள் ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் வந்துவிடும். தபசில் கல்யாணம் கிடையாது. "அதுக்குள்ள முடியலன்னா நான் வேற எடம் பாக்குறேன் சாமி," என்றார் பெரியவர். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணின் புருஷனை ஊரில் எப்படி அழைப்பார்கள் என்று கேட்டு, சாமியார் லூமுட் உபதேசியாருக்குக் கடிதம் போட்டார். அருளப்பன் இல்லாமல் வேறு பெயர் என்றால் நான் தப்பினேன். பதிலும் வந்தது: 'புருஷன் பேரைச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.' நம் பெண்களைத் தெரியாதா? தலையே போனாலும் சொல்ல மாட்டார்கள். அன்று அவள்மேல் எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது.

நேரில் போய் நிற்பதைத் தவிர வழியில்லை. பெரியவரும் நானும் மோட்டார் பஸ்ஸில் லூமுட் போனோம். படகுத்துறை அருகே அவள் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். ஈப்போவிலிருந்து யோவான் வந்திருக்கிறான் என்று எங்களுக்கு முன்பே யாரோ சொல்லிவிட்டார்கள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தவள், என்னைப் பார்த்ததும் நின்றாள். அவள் ஒரு பொய் சொன்னால் போதும், ஒரு புருஷன் கிடைத்துவிடுவான்.

"இவரு இல்லங்க," என்றாள்.

பெரியவர் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சிரு மாப்ள," என்றார். நாங்கள் கிளம்பும்போது அவள் அவரை நிறுத்தினாள்.

"நீங்க ரயிலடி ஆளுன்னாங்க. அங்க நாலு ஊரு ஆளுங்கள பாப்பீங்க. அவருக்கு வலது கையில தீத்தழும்பு இருக்கும்." பிறகு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பேரு அருளப்பன். பாத்தா, நான் இன்னும் இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க."

உபதேசியார் கேட்டபோதே அவள் இதைச் சொல்லியிருந்தால், என் கதை அன்றே முடிந்திருக்கும்.

மூன்றாம் ஓலை வாசித்து, தபசுக்கு முன்பே கல்யாணம் நடந்தது. மரியம்மாள் நல்லவள், என்னை "இந்தாங்க" என்று கூப்பிடுவாள். தோட்டத்தில் ஜான், கம்பத்தில் யஹ்யா, கோயில் புத்தகத்தில் யோவான்னெஸ். அருளப்பன் என்பது ஊரிலிருந்து வரும் கடித உறைகளில் மட்டும் இருக்கிறது. இந்த நாட்டில் ஒரு பெண் வாயால் அந்தப் பெயரை ஒரே ஒருமுறை கேட்டேன். அவள் கூப்பிட்டது என்னை அல்ல.